மாவுப்பூச்சியை அடக்கும் சிறு குளவி: அதனை அடையாளம் காண்பது எப்படி?

பயிருக்குப் பகையான பூச்சிகளை நம் உழவர் பெருமக்கள் நன்கு அறிவார்கள். பயிருக்கு நட்பான பூச்சிகளை அறிந்தவர்களோ மிகச் சிலரே. பகைவனை அறியாவிட்டால் ஒரு பருவத்து மகசூல் போகும். நண்பனை அறியாவிட்டால் அவனையும் பகைவன் என்று எண்ணி நம் கையாலேயே அழித்துவிடுவோம். இவ்விரண்டாவது தவற்றை நானே செய்திருக்கிறேன். அதனை மறைக்காமல் கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவதே முறையாகும்.

ஜலகண்டாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூருக்கு, சில ஆண்டுகளுக்கு முன், கோடைக்காலத்தில் சாலைப் பணி ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். முக்கால் ஏக்கரில் மரவள்ளி பயிரிட்டிருந்த முதிய குடியானவர் ஒருவர் ஒரு சிறு சீசாவை என்னிடம் நீட்டினார். எள்ளில் பாதிகூட இல்லாத கறுப்புப் பூச்சிகள் அதனுள் துள்ளிக்கொண்டிருந்தன. "ஐயா, மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்தே ஓய்ந்துவிட்டோம். இப்போது இந்தக் கறுப்புப் பூச்சி வேறு வந்திருக்கிறதுங்க. இதற்கு என்ன செய்வது?" என்று கேட்டார். நான் சிறிதும் ஆராயாமல், "நுனிகளை எல்லாம் ஒடித்துக் குவித்துக் கொளுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அதிகாரி சொன்ன சொல்லாயிற்றே! அவரும் அவ்வாறே செய்தார்.

அந்தச் சீசாவைப் பின்னர் பூச்சியியல் கற்ற நண்பர் ஒருவரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்த அவர், "இது பயிரை உண்ணும் பூச்சி அன்று. மாவுப்பூச்சியை உண்ணும் குளவி. இதைத் தேடித்தான் ஆப்பிரிக்கா வரையில் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கி வந்தார்கள்" என்றார். நாங்கள் கொளுத்திய குவியலில் எத்தனை நூறு குளவிகள் வெந்து போயினவோ, யார் அறிவார்? அந்த வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மரவள்ளியும் மாவுப்பூச்சிகளும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி வெறும் கிழங்கு அன்று. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு. 1940ஆம் ஆண்டுகளில் இங்கு வேரூன்றிய ஜவ்வரிசித் தொழில் இக்கிழங்கை நம்பியே நடைபெறுகிறது. அத்தொழிலுக்கென 1981இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே மரவள்ளியின் நுனி சுருண்டால் உழவர், கூலியாள், வண்டிக்காரர், ஆலைத் தொழிலாளி ஆகிய அனைவர் வீட்டு அடுப்பும் மங்கும்.

மரவள்ளியில் வெண்மாவு பூசினாற்போல் அப்பியிருப்பவை எல்லாம் ஒரே பூச்சி என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நம் வயல்களில் முக்கியமாக மூன்று வகைகள் காணப்படுகின்றன.

முதலாவது, வால் நீண்ட மாவுப்பூச்சி. இதன் முதுகில் இரண்டு கருங்கோடுகளும், பின்புறத்தில் இரண்டு நீண்ட வெண்வால்களும் உண்டு. இது நெடுங்காலமாக நம் நாட்டில் இருப்பது.

இரண்டாவது, பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றைப் பாழாக்கியது. இதனை நசுக்கினால் மஞ்சள் நிறச் சாறு வெளிப்படும். ஸ்பிரிட்டில் இட்டு வைத்தால் உடல் நீலங்கலந்த கருமையாக மாறும்.

மூன்றாவது, மரவள்ளி மாவுப்பூச்சி. மெல்லிய வெண்மாவின் அடியில் இளஞ்சிவப்பு உடல் தெரியும். வால் மிகக் குறுகியது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டு, விரைவில் நம் மாவட்டத்திற்கும் வந்து சேர்ந்தது. இது தாக்கினால் கணுக்களின் இடைவெளி குறுகும். இலைகள் சுருண்டு நுனி முட்டைக்கோசு போலக் கட்டிக்கொள்ளும். தண்டு கோணலாக வளரும். இவ்வகையில் ஆண் பூச்சியே கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் துணையின்றியே நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். ஆதலால் கரணையில் ஒட்டிவந்த ஒரே பூச்சி ஒரு வயலை நிரப்பிவிடக்கூடும்.

விஞ்ஞானப் பெயர் வேண்டுவோர்க்கு: முதலாவது ஃபெரிசியா விர்கேட்டா, இரண்டாவது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், மூன்றாவது பினாகாக்கஸ் மணிஹோட்டி.

இம்மூன்றையும் பிரித்தறிவது ஏன் அவசியம்? இரண்டாவதை அடக்கும் குளவி வேறு. மூன்றாவதை அடக்கும் குளவி வேறு. பூட்டை அறியாமல் திறவுகோலைத் தேடுவதில் பயனில்லை.

அடையாளம் பிழைத்ததால் வந்த காலதாமதம்

இதற்கு உலக வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுப் பகுதிகளில் மரவள்ளி மாவுப்பூச்சி தலைகாட்டிற்று. அங்கு மரவள்ளியே மக்களின் அன்றாட உணவு. சில ஆண்டுகளில் அது நாடு விட்டு நாடு பரவி, பஞ்சம் வரும் என்ற அச்சத்தை உண்டாக்கியது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. ஆகவே இப்பூச்சியின் இயற்கைப் பகைவரும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் தேடத் தொடங்கினர்.

தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் குளவிகளும் கிடைத்தன. ஆனால் அக்குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின்மீது பயன்படவில்லை. காரணம் யாதெனில், அம்மாவுப்பூச்சி ஒத்த தோற்றமுடைய வேறோர் இனம். அதன் உடல் மஞ்சள். அதில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் பரவியதோ இளஞ்சிவப்பு. பெண் மட்டுமே உடையது. இந்த வேற்றுமை தெளிவான பிறகு, 1981இல் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியை அந்தோணி பெல்லோட்டி என்னும் அறிஞர் கண்டார். அங்கிருந்து கிடைத்த ஒரு சிறு குளவி இங்கிலாந்தில் தனிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, அவ்வாண்டிலேயே நைஜீரியாவில் விடப்பட்டது. அதன் பெயர் அனகைரஸ் லோபெசி.

இக்குளவிக்கு 1964லேயே அர்ஜென்டினாவின் பூச்சியியல் அறிஞர் தெ சாந்திஸ் பெயரிட்டு விவரித்திருந்தார். அக்காலத்தில் அதனால் என்ன பயன் என்று யாரும் அறியார். பதினேழு ஆண்டுகள் கழித்து அதே குளவி இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளின் மரவள்ளியைக் காத்தது. அப்பணியை இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தின் சார்பில் நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டிற்கு வந்த விதம்

நம் நாட்டில் 2010இல் இதே வழி கையாளப்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டுத் தமிழ்நாடெங்கும் விடப்பட்டது. பின்னர் மரவள்ளி மாவுப்பூச்சி நுழைந்தபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசியை 2021இல் தருவித்தது. தனிமைச் சோதனைகள் முடிந்தபின், 2022 மார்ச்சு 7ஆம் நாள், நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது முதன்முதலாக வெளியிடப்பட்டது. தாய்லாந்து நாடு நமக்கு முன்பே, 2009இல், பெனினிலிருந்து இதனைப் பெற்றுப் பயனடைந்திருந்தது.

குளவியின் வாழ்க்கை

தேனீ, எறும்பு, குளவி மூன்றும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. குளவி என்றவுடன் சுவரில் மண்கூடு கட்டிக் கொட்டும் பெரிய பூச்சியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. நாம் பேசும் குளவி மனிதரையோ கால்நடையையோ கொட்டாது, பயிரைக் கடிக்காது. தேனீயைக் குறுக்கிக் குறுக்கிக் கடுகிலும் சிறிதாக்கினாற்போன்றது அது.

பெண் குளவி மாவுப்பூச்சிக் கூட்டத்தினிடையே உணர்கொம்புகளால் தட்டித் தட்டி நடக்கும். ஏற்ற பருவத்துக் குஞ்சைக் கண்டதும், முட்டையிடும் ஊசியை அதன் உடலில் செலுத்தி முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியின் உட்பகுதியைத் தின்று வளரும். மாவுப்பூச்சி இறந்து, பழுப்பு நிறமாகி, சிறு மிடாப் போல உப்பி இறுகிவிடும். இதனைக் 'கூட்டுடல்' என்று இங்குக் குறிப்போம். பின்னர் அதில் வட்டத் துளையிட்டுக் குளவி வெளிவரும். முட்டை முதல் குளவி வரையில் ஏறக்குறைய 2 முதல் 3 வாரங்கள் ஆகும்.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. சிறிய குஞ்சில் பெரும்பாலும் ஆண் குளவியும், பெரிய குஞ்சில் பெண் குளவியும் உண்டாகின்றன. கருவுறாத முட்டை ஆணாகவும், கருவுற்ற முட்டை பெண்ணாகவும் வளர்வதால், தாய்க்குளவி இதனைத் தானே வகுத்துக்கொள்கிறது. மேலும், முட்டையிடாமல் சில குஞ்சுகளைக் குத்தி அவற்றின் சாற்றை அருந்துவதும் உண்டு. அவ்வாறும் மாவுப்பூச்சி மடிகிறது.

அடையாளம் காணும் படிகள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வேண்டும். இருபது மடங்காயின் மிக நன்று. கீழ்வரும் வரிசையில் பார்த்துச் செல்க.

1. இறக்கைகள். ஈக்கு ஓர் இணை இறக்கை. குளவிக்கு இரண்டு இணை, பின்னிறக்கை சிறியது. இரண்டு இணை காணப்பட்டால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

2. நரம்பு. பெரிய குளவிகளின் இறக்கையில் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். நம் குளவியின் முன்னிறக்கையில் மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு நரம்புதான் தெரியும்.

3. நடுக்கால். இதுவே முக்கியமான அடையாளம். இக்குளவி சேர்ந்த என்சிர்டிடே குடும்பத்தில் நடுக்கால் வலுவாக வளர்ந்து, கணுக்காலின் முனையில் பருத்த முள் ஒன்று நீண்டிருக்கும். அதனை ஊன்றியே இவை துள்ளும். சீசாவைத் தட்டியவுடன் பறப்பதற்கு முன் துள்ளினால், இக்குடும்பம் என்று ஐயுறலாம்.

4. மார்பின் பக்கம். பக்கவாட்டில் நோக்கினால் நடுமார்பு ஒரே கேடயம்போல் பிரிவின்றி உப்பியிருக்கும். துள்ளுவதற்கான தசை அதனுள் உள்ளது.

5. உணர்கொம்பு. அனகைரஸ் பெண் குளவியின் உணர்கொம்பில் அடிக்கணு தட்டையாக அகன்று இலைபோல் இருக்கும். லோபெசியில் கருமையும் வெண்மையும் பகுதி பகுதியாக அமைந்திருக்கும். ஆண் குளவியின் கொம்பு நூல்போல் மெலிந்து, நீண்ட மயிர்களுடன் காணப்படும். ஆணும் பெண்ணும் இவ்வளவு வேறுபடுவதால், இரண்டு இனங்கள் என்று மயங்குவோர் பலர்.

6. நிறமும் அளவும். லோபெசியின் உடல் கரியது. நீளம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ சற்று மிகுந்தோ இருக்கும். ஆண் சிறியது. பப்பாளி மாவுப்பூச்சியின் குளவியாகிய அசரோபேகஸ் இதனினும் சிறியது. அதன் உடல் ஆரஞ்சு கலந்த வெளிர் நிறம். ஆகவே கரியதா, வெளிறியதா என்ற ஒரே கேள்வியால் இவ்விரண்டையும் வயலிலேயே பிரித்துவிடலாம்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது என்பதையும் நினைவிற்கொள்க. அனகைரஸ் பேரினத்தில் மிக நெருங்கிய இனங்கள் உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை, எலுமிச்சைத் தோட்டங்களில் பயன்படும் ஒரு குளவி பல்லாண்டுகள் ஒரே பெயரால் வழங்கப்பட்டு வந்தது. பெண்ணின் உணர்கொம்பில் ஒரு கணுவின் நிற வேற்றுமையும் மரபணு ஆய்வும் துணைசெய்ய, அது வேறோர் இனம் என்று 2019இல் புதுப்பெயர் பெற்றது. அறிஞர்க்கே இத்தகைய மயக்கம் நேருமாயின், இறுதி முடிவை அறிஞரிடமே விடுவதில் நமக்கு இழுக்கு இல்லை. குடும்பத்தை அறிந்து, பகையன்று என்று தெளிவதே நம் கடமை.

மயங்கத்தக்க பிற பூச்சிகள்

டிரைக்கோகிரம்மா. கரும்பு உழவர்கள் அட்டையில் ஒட்டி வாங்கும் முட்டை ஒட்டுண்ணி இது. அரை மில்லிமீட்டர் அளவினது; கண்கள் சிவந்தவை; பாதத்தில் மூன்றே கணுக்கள். இது அந்துப்பூச்சி முட்டைகளைத் தாக்குமேயன்றி மாவுப்பூச்சியைத் தொடாது.

குளவிக்குக் குளவி. கூட்டுடலிலிருந்து வெளிவருவதெல்லாம் நண்பன் என்று கொள்ளலாகாது. நம் குளவியின் புழுவையே தின்று வளரும் வேறு குளவிகளும் உண்டு. அவற்றுள் கார்ட்டோசெரஸ் என்பது கரிய, தடித்துக் குறுகிய உடலுடையது. அதன் உணர்கொம்பின் முனை, பிரிவற்ற நீண்ட கதைபோல் இருக்கும். இவற்றை வயலில் அழிக்க முயலுதல் வேண்டா. அம்முயற்சியில் நண்பனும் அழிவான். எண்ணிக்கையைக் குறித்து ஆராய்ச்சி நிலையத்திற்குத் தெரிவித்தால் போதும்.

மாவு பூசிய வண்டின் புழு. 1898இல் காப்பித் தோட்டங்களுக்காக நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு, உடலெங்கும் வெண்மெழுகு தாங்கி, பெரியதொரு மாவுப்பூச்சி போலவே தோன்றும். மாவுப்பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும். இப்புழு விரைந்து நடந்து அதனைத் தின்னும். 'பெரிய மாவுப்பூச்சி' என்று இதனை நசுக்குவோர் உளர்.

குரங்குமுகக் கூடு. ஸ்பால்ஜிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியைத் தின்னும். அதன் கூட்டுப்புழு குரங்கின் முகம்போல் இருப்பதால் எளிதில் அறியலாம். இதுவும் நண்பனே.

சீசாவில் வளர்த்துப் பார்த்தல்

பள்ளி மாணவரும் செய்யக்கூடிய சோதனை இது. மாவுப்பூச்சி தாக்கிய ஐந்தாறு நுனிகளை வயலின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒடித்து எடுக்க. பொறிவண்டுப் புழுக்கள் இருந்தால் அவற்றை வயலிலேயே விட்டுவிடுக. நுனிகளை வாயகன்ற கண்ணாடிச் சீசாவில் இட்டு, அடியில் உலர்ந்த தாள் ஒன்றை வைத்து, வாயை மெல்லிய மல் துணியால் இறுகக் கட்டுக. வலைத்துணி கூடாது, குளவி அதன் கண் வழியே வெளியேறிவிடும். வெயில் படாத இடத்தில் வைத்து மூன்று வாரம் நாள்தோறும் பார்த்து வருக.

குளவிகள் ஒளியை நாடுபவை. ஆகவே வெளிச்சம் வரும் பக்கத்தில் வந்து குவியும். சில குளவிகளை ஈரமான தூரிகையின் நுனியால் தொட்டெடுத்துச் சிறு குப்பியில் ஸ்பிரிட்டில் இடுக. ஊர், நாள், பயிர், மாவுப்பூச்சியின் நிறம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளை உள்ளேயே போடுக. மையால் எழுதினால் கரைந்துவிடும். அக்குப்பியை ஏத்தாப்பூர் நிலையத்திற்கோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ, அருகிலுள்ள வேளாண்மை அலுவலரிடமோ சேர்ப்பித்தால் தெளிவு கிடைக்கும். எஞ்சிய குளவிகளை மாலையில் வயலுக்குக் கொண்டு சென்று திறந்துவிடுக.

உழவர் செய்யத்தக்கன

நடுவதற்குக் கரணை எடுக்கும்போது மாவுப்பூச்சி அற்ற செடியிலிருந்தே எடுத்தல் வேண்டும். பூச்சி பரவும் பெருவழி கரணையே. தாக்கிய வயலின் குச்சிகளை வேற்றூருக்குக் கொண்டுசெல்லலாகாது. நுனிகளை ஒடித்து அகற்ற நேர்ந்தால், முதலில் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். பழுப்பு நிறக் கூட்டுடல்கள் இருப்பின் அவற்றைக் கொளுத்தாமல், வயலோரத்தில் துணிப்பைகளில் இட்டு வைத்துக் குளவிகள் வெளிவந்ததும் திறந்துவிடலாம். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகளை அடித்தால், மெழுகுக்குள் ஒளிந்த மாவுப்பூச்சி தப்பும். திறந்த வெளியில் திரியும் குளவியே முதலில் மடியும். பின்னர் மாவுப்பூச்சி தடையின்றிப் பெருகும். கோடையில் இப்பூச்சி மிகுவதும், கனமழையில் கரைவதும் இயல்பு. ஆதலின் பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு வைத்தியமே.

முடிவுரை

நண்பரிடம் செய்தி அறிந்த மறுநாளே அக்குடியானவரிடம் சென்றேன். "நான் சொன்னது தவறு. நாம் கொளுத்தியது நமக்கு உதவ வந்த பூச்சியை" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிணற்றோரத்தில் இரண்டு வரிசையை ஒடிக்க அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லைங்க, ஐயா. அது அப்படியே நிற்கிறது" என்றார். இருவரும் சென்று பார்த்தோம். சுருண்ட இலைகளுக்கிடையே பழுப்புக் கூட்டுடல்கள் இருந்தன. பலவற்றில் துளையும் இருந்தது. அவ்விரண்டு வரிசையை ஒருவரும் தொடாமல் அவர் காத்தார், மருந்தும் அடிக்கவில்லை. ஆடி கழிந்து நான் மீண்டும் சென்றபோது வயலில் நுனிகள் விரிந்து புதிய இலைகள் தெரிந்தன. இடையில் நல்ல மழையும் பெய்திருந்தது. ஆகவே எல்லாம் குளவியின் செயலே என்று நான் கூறேன். ஆனால் இப்போது அவர் மடியில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. அக்கம்பக்கத்தார் சீசாவுடன் முதலில் அவரிடந்தான் செல்கின்றனர்.

ஒவ்வோர் ஊராட்சியிலும், உழவர் மன்றத்திலும், பள்ளியிலும் ஒரு பூதக்கண்ணாடி இருத்தல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒருமுறை மருந்து அடிக்கும் செலவினும் குறைவு. மருந்துத் தெளிப்பானைக் கையில் எடுக்குமுன் பூதக்கண்ணாடியை எடுப்போமாக.

பயிற்சி வினாக்கள்

1. மரவள்ளியைத் தாக்கும் மூவகை மாவுப்பூச்சிகளை எவ்வாறு பிரித்தறியலாம்?
2. தென் அமெரிக்காவில் முதலில் கிடைத்த குளவிகள் ஆப்பிரிக்காவில் பயன்படாமற் போனது ஏன்?
3. என்சிர்டிடே குடும்பத்துக் குளவியின் நடுக்காலிலும் நடுமார்பிலும் காணப்படும் அடையாளங்கள் யாவை?
4. உம் ஊர் வயலில் ஐந்து நுனிகளைச் சீசாவில் இட்டு, மூன்று வாரத்தில் வெளிவந்த பூச்சிகளின் நிறம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து மன்றத்தில் படித்துக் காட்டுக.